கை மரப்பும் நரம்புப் பாதிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைக்கான பயிற்சிப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். மாவுக்கட்டுப் பிரித்தவர்கள், தையல் பிரித்தவர்கள், ராத்திரி கை மரத்துத் தூக்கம் கெட்டவர்கள், தொழுநோய் மருந்து சாப்பிட்டு முடித்தவர்கள் என்று பலரும் வருகிறார்கள். நோய்கள் வேறு வேறு. கேள்விகள் மட்டும் திரும்பத் திரும்ப அதேதான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதிலைத் தந்திருக்கிறேன். படித்துவிட்டு உங்களுக்கு இன்ன நோய் என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். டாக்டரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கவே கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பக்கம்.

மணிக்கட்டுல பச்சையா புடைச்சுத் தெரியுதே, அதானே நரம்பு?

இல்லை. பச்சையாகத் தெரிவது ரத்தக் குழாய். முஷ்டியை இறுக்கி மணிக்கட்டை உள்பக்கம் மடக்கினால் கயிறு மாதிரி எழும்புகிறதே, அது தசைநாண். தசையின் இழுப்பை விரலுக்குக் கொண்டுபோவது. நரம்பு இப்படி வெளியே தெரியாது. ஆனால் தொட்டுப் பார்க்கக்கூடிய நரம்பு ஒன்று உண்டு. முழங்கையின் உள்பக்கம் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடிக்கும். அங்கே ஓடுவது அல்னார் நரம்பு.

இந்த வித்தியாசம் வெட்டுக்காயத்தில் முக்கியம். விரல் மடங்கவே இல்லை என்றால் தசைநாண் அறுந்திருக்கலாம். மடங்குகிறது, தொட்டால் மட்டும் தெரியவில்லை என்றால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். சில காயங்களில் இரண்டும் சேர்ந்தே அறுந்திருக்கும்.

கைக்கு எத்தனை நரம்பு வருது? எந்த விரலுக்கு எது?

முக்கியமானவை மூன்று: மீடியன், அல்னார், ரேடியல். மூன்றும் கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கிளம்பி, அக்குள் வழியாகக் கைக்கு வருகின்றன.

உள்ளங்கைப் பக்கத்தில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றின் உணர்ச்சி மீடியன் வழியாகப் போகிறது. மோதிர விரலின் மறுபாதியும் சுண்டுவிரலும் அல்னாருக்கு உரியவை. புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதைப்பகுதி ரேடியலுக்கு. எல்லைகள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். அதனால் நாங்கள் மூன்று இடங்களைத்தான் முதலில் தொடுவோம்: ஆள்காட்டி விரல் நுனி, சுண்டுவிரல் நுனி, புறங்கையில் கட்டைவிரல் கவை.

அசைவிலும் பங்கு உண்டு. மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்துவது ரேடியல். கட்டைவிரலை உள்ளங்கையிலிருந்து மேலே தூக்கி மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவருவது மீடியன். விரல்களை விரிப்பது, சேர்ப்பது, எழுதுவது, பொத்தான் போடுவது போன்ற நுண்ணிய வேலைகளில் பெரும்பங்கு அல்னாருக்கு.

மரத்துப் போறது, எரியறது, பலமில்லாம போறது, எல்லாம் ஒண்ணுதானா?

ஒரே நரம்பின் வெவ்வேறு வேலைகள் கெடுவதால் வருபவை. உணர்ச்சி இழைகள் கெட்டால் மதமதப்பு, ஊசி குத்தல், எரிச்சல், கடைசியில் மரப்பு. அசைவு இழைகள் கெட்டால் பலவீனம், பிறகு தசை மெலிவு. மூன்றாவதாக ஒன்று உண்டு, யாரும் கவனிப்பதில்லை: வியர்வை. நரம்பு போன இடத்தில் தோல் வியர்க்காது. காய்ந்து, வழவழப்பாகி, நாளடைவில் வெடிக்கும்.

எரிச்சல் என்றால் அடுத்த நாளே ஓடி வருகிறார்கள். மரப்பு என்றால் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பயப்பட வேண்டியது மரப்புக்குத்தான். எரியும் நரம்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. எதுவுமே தெரியாத விரலில்தான் கொப்புளமும் புண்ணும் வந்தது தெரியாமல் வளரும்.

வீட்டிலேயே கையைச் சோதிச்சுப் பார்க்கலாமா?

தாராளமாக. முதலில் இரண்டு கைகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நல்ல வெளிச்சத்தில் சும்மா பாருங்கள். கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதைமேடு இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா? புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் குழி விழுந்திருக்கிறதா? சுண்டுவிரல் தனியாக விலகி நிற்கிறதா? எப்போது பட்டது என்று தெரியாத தழும்போ கொப்புளமோ இருக்கிறதா?

அடுத்து தொடுதல். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சாலோ பேனா நுனியாலோ மேலே சொன்ன மூன்று இடங்களிலும் லேசாகத் தொடுங்கள். "தெரியுதா?" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலோர் "தெரியுது" என்றுதான் சொல்வார்கள். நாங்கள் கேட்கும் விதம் வேறு: "நல்ல கையில தெரியறது ஒரு ரூபாய்னா, இந்தக் கையில எத்தனை காசு?" அரை ரூபாய் என்று பதில் வந்தால் அது விஷயம். அப்புறம் ஜெம் கிளிப்பை விரித்து, இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் விரல் நுனியில் நீளவாக்கில் மெதுவாக வைத்துப் பாருங்கள். நல்ல விரல் நுனிக்கு 6 மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியிலேயே இரண்டு முனை என்று தெரியும்.

கடைசியாக பலம். மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி அழுத்துங்கள்: ரேடியல். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, கட்டைவிரலைக் கூரையை நோக்கித் தூக்கச் சொல்லி அழுத்துங்கள்: மீடியன். சுண்டுவிரலை வெளியே விரிக்கச் சொல்லி உள்ளே தள்ளுங்கள்: அல்னார். தொழுநோய்த் திட்டத்தில் கிராமத்துக்குப் போகும் பணியாளர்களுக்குக் கற்றுத் தருவதும் இந்த மூன்று அசைவுகளைத்தான். மருத்துவமனையில் இதோடு நைலான் இழைகளாலும் தொட்டுப் பார்ப்பார்கள். இருப்பதிலேயே மெல்லிய இழைகளில் ஒன்று 0.07 கிராம் அழுத்தத்தில் வளையும். அது பட்டது தெரிந்தால் அந்த இடத்தில் தொடு உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

பேப்பரைப் பிடிக்கச் சொல்லி டாக்டர் இழுத்தார். அதுல என்ன தெரியும்?

அது ஃப்ரொமான் சோதனை. முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஜூல் ஃப்ரொமான் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1915-ல் எழுதியது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே ஒரு தாளைப் பிடிக்க வேண்டும். டாக்டர் மறுமுனையை இழுப்பார். அல்னார் நன்றாக இருந்தால் கட்டைவிரல் நேராக நின்றபடியே தாளை அழுத்தும். அல்னார் பலவீனமாக இருந்தால் அந்த அழுத்தும் தசைக்குச் சக்தி இருக்காது. உடனே மீடியன் நரம்பு உதவிக்கு வந்து கட்டைவிரல் நுனி மடங்கும். தாள் கையில் நின்றாலும் நுனி மடங்கியதா என்பதைத்தான் டாக்டர் பார்க்கிறார். பலத்தைக் காட்ட வேண்டும் என்று தம் கட்டி இழுக்க வேண்டாம். இயல்பாகப் பிடித்தால் போதும்.

ராத்திரி கை மரத்து எழுப்புது. உதறினா சரியாயிடுது. ரத்த ஓட்டம் இல்லையா?

பெரும்பாலும் ரத்த ஓட்டம் காரணமில்லை. மணிக்கட்டில் ஒரு குறுகிய பாதை இருக்கிறது. மூன்று பக்கம் எலும்பு, மேலே இறுக்கமான பட்டை. அதற்குள் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் நெருக்கிக்கொண்டு போகின்றன. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக் கிடந்தால் உள்ளே அழுத்தம் கூடி நரம்பு நசுங்கும். இதுதான் கார்பல் டனல். "கை முழுக்க மரக்குது" என்று சொல்பவர்களிடம் சுண்டுவிரலைத் தனியாக யோசித்துச் சொல்லச் சொன்னால், அது மட்டும் நன்றாக இருக்கிறது என்பார்கள். இரண்டு மணிக்கட்டுகளையும் மடக்கி ஒரு நிமிடம் வைத்திருந்தால் மரப்பு வருகிறதா என்று பார்ப்பது ஃபேலன் சோதனை.

தையல் வேலை, மாவு பிசைவது, விடாமல் கருவியைப் பிடித்துச் செய்யும் வேலை எல்லாம் இதைக் கூட்டும். கர்ப்பம், தைராய்டு குறைவு, சர்க்கரை, முடக்குவாதம் இருப்பவர்களுக்கு அதிகம் வரும். கர்ப்பத்தில் வருவது பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானாக அடங்கும். ஆரம்பத்தில், ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையே பலருக்குப் போதும். பகலிலும் மரப்பு விடாமல் இருக்கிறது, சட்டைப் பொத்தான் நழுவுகிறது, கட்டைவிரல் மேடு வற்றுகிறது என்றால் இனி பட்டையை நம்பி உட்காரக் கூடாது. குறுகிய பாதையின் மேலே உள்ள அந்த இறுக்கமான பட்டையை அறுத்து நரம்புக்கு இடம்விடும் ஆபரேஷன் சின்னது. நரம்பு செத்த பிறகு செய்வதைவிட அதற்கு முன் செய்வது எவ்வளவோ மேல்.

எனக்கு சுண்டுவிரலும் பக்கத்து விரலும்தான் மரக்குது. அதுவும் இதேதானா?

இல்லை, அது அல்னார். பெரும்பாலும் நெருக்கடி முழங்கையில். முதல் கேள்வியில் சொன்ன அதே பள்ளத்தில். முழங்கையை மடக்கினால் நரம்பு அங்கே இழுபடும். போனைக் காதில் வைத்து நெடுநேரம் பேசுவது, மேசையில் முழங்கையை ஊன்றி உட்காருவது, ஜன்னலில் கையை ஊன்றி வண்டி ஓட்டுவது, கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துத் தூங்குவது எல்லாம் காரணமாகலாம். ராத்திரி முழங்கையைச் சுற்றி ஒரு துண்டைத் தளர்வாகக் கட்டிக்கொண்டால் முழுக்க மடங்காது. நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மணிக்கட்டிலும் அல்னார் நசுங்கலாம். புறங்கையின் சுண்டுவிரல் பக்கத்துக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. அதனால் புறங்கையும் மரத்திருந்தால் பாதிப்பு மேலே. உள்ளங்கைப் பக்கம் மட்டும் மரத்திருந்தால் மணிக்கட்டில் தேட வேண்டும்.

காலையில எழுந்தப்ப மணிக்கட்டு தொங்கிப்போச்சு. பக்கவாதமா?

முதலில் பக்கவாதம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். வாய் கோணுகிறதா, பேச்சு குழறுகிறதா, அதே பக்கக் காலும் பலமில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் மணிக்கணக்கில்தான் இருக்கிறது. கை மட்டும்தான் என்றாலும் அன்றைக்கே டாக்டர் பார்த்து உறுதி செய்ய வேண்டும். கையை மட்டும் தொடும் பக்கவாதமும் உண்டு.

மணிக்கட்டும் விரல்களும் நிமிரவில்லை, கட்டைவிரல் கவையில் மரப்பு, மற்றபடி ஒன்றுமில்லை என்றால் ரேடியல் நரம்பாக இருக்கும். மேற்கையில் எலும்பை ஒட்டிச் சுற்றி வரும் நரம்பு அது. போதையிலோ களைப்பிலோ நாற்காலிக் கையில் அழுத்திக்கொண்டு தூங்கினால் நசுங்கும். மேற்கை எலும்பு முறிவில் அடிபடும். தவறான இடத்தில் போட்ட ஊசியாலும் கெடும். தூங்கி எழுந்து வந்ததும், மூடிய எலும்பு முறிவோடு வந்ததும் பெரும்பாலும் சில வாரங்களில் அல்லது மாதங்களில் தானாகத் திரும்பும். அதுவரை மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கும் பட்டை அவசியம்.

"பிடியும் போயிடுச்சே" என்பார்கள். மணிக்கட்டைத் தூக்கி வைத்துப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள், பிடி திரும்ப வரும். தொங்கும் மணிக்கட்டோடு யாராலும் இறுக்கிப் பிடிக்க முடியாது.

கழுத்து எலும்புத் தேய்மானம்னு சொன்னாங்க. கை மரப்பு அதனாலயா, கை நரம்பாலயா?

நாற்பது, ஐம்பது தாண்டிய பலரின் கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியும். எக்ஸ்ரேயில் இருப்பதாலேயே அதுதான் காரணம் என்றாகாது. கழுத்தைத் திருப்பும்போது, அண்ணாந்து பார்க்கும்போது வலி தோளிலிருந்து கைக்கு மின்னல் மாதிரி இறங்கினால் கழுத்தைச் சந்தேகிக்கலாம். ராத்திரி எழுப்பி, உதறினால் போனால் மணிக்கட்டு.

சிக்கல் சுண்டுவிரல் பக்கத்தில்தான். கழுத்திலிருந்து வரும் எட்டாவது வேரும் சுண்டுவிரலை மரக்க வைக்கும், அல்னாரும் மரக்க வைக்கும். மோதிர விரலை நெடுக்காகப் பாதியாகப் பிரித்து, இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள். ஒரு பாதி மட்டும் மரத்திருந்தால் அல்னார். விரல் முழுக்க மரத்து, முன்கையின் உள்பக்கமும் மரத்திருந்தால் கழுத்து. கட்டைவிரலைத் தூக்கும் தசைக்கும் ஏறக்குறைய அதே வேர்களிலிருந்துதான் இழை வருகிறது, ஆனால் மீடியன் வழியாக. அதுவும் பலவீனமாக இருந்தால் அல்னார் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

எனக்கு சர்க்கரை இருக்கு. அதனாலதான் கை மரக்குதா?

சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு காலில்தான் தொடங்கும். பாதத்திலிருந்து மெல்ல மேலேறி, முழங்காலை நெருங்கும்போதுதான் பொதுவாகக் கைவிரல் நுனிகளுக்கு வரும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி, கையுறை போட்ட அளவுக்கு இருக்கும். கால் நன்றாக இருக்கிறது, ஒரு கையில் மூன்று விரல் மட்டும் மரக்கிறது என்றால் சர்க்கரைமேல் பழியைப் போட்டு விட்டுவிடாதீர்கள்; கார்பல் டனலா என்று பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது சேர்ந்தே வரும். மெட்ஃபார்மின் பல வருஷமாகச் சாப்பிடுபவர்கள் வைட்டமின் பி12 அளவையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

குழந்தைக்கு முழங்கையில எலும்பு முறிஞ்சு கட்டு போட்டோம். அப்புறம் விடாம அழறான், விரலெல்லாம் வீங்கியிருக்கு. நாளைக்குப் பார்க்கலாமா?

கூடாது. இப்போதே போங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். முன்கைக்குள் வீக்கம் கூடி, வெளியே கட்டு இறுக்கிப் பிடித்தால், உள்ளே தசைக்கும் நரம்புக்கும் ரத்தம் போகாது. ஆறு மணி நேரத்துக்குள்ளேயே தசை சாகத் தொடங்கலாம். பிறகு அது நாராகிச் சுருங்கி, விரல்கள் நிரந்தரமாக மடங்கிவிடும்.

அடையாளம் இதுதான்: வலி மருந்துக்கும் அடங்காத வலி. குழந்தையின் விரலை நீங்கள் மெதுவாக நிமிர்த்தினாலே துடிப்பான். மரப்பும் வெளுப்பும் பிறகு வரும், அதற்குக் காத்திருக்காதீர்கள். நாடி துடிக்கிறது என்று ஆறுதல் கொள்ளவும் கூடாது. உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கும்போதும் நாடி கிடைக்கும். மாவுக்கட்டோ மூங்கில் பத்தைக் கட்டோ, உடனே தளர்த்தப்பட வேண்டும்.

கண்ணாடி கிழிச்சு தையல் போட்டாங்க. புண் ஆறிடுச்சு, விரல் நுனி மட்டும் தெரியலை. போகப் போக வந்துடுமா?

சுத்தமாக அறுந்த நரம்பு தானாக ஒட்டாது. இரண்டு முனைகளையும் நுண்ணோக்கி வைத்துத் தைத்தால்தான் இழைகள் சரியான பாதையில் வளர வழி கிடைக்கும். கூர்மையான வெட்டில் இதை எவ்வளவு சீக்கிரம் செய்கிறார்களோ அவ்வளவு நல்லது. முதல் சில நாட்களில் செய்வது மிக நல்லது. வாரங்கள் ஓடியிருந்தாலும் கைநுட்ப அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரிடம் போங்கள். முனைகள் சுருங்கி விலகியிருந்தால் வேறு இடத்து நரம்பை எடுத்து நடுவில் வைத்துத் தைப்பார்கள்.

வெட்டுக்காயத்தோடு போகிறவர்களுக்கு ஒரு விஷயம். மரப்பு ஊசி போடுவதற்கு முன்னால், விரலின் இரண்டு பக்கவாட்டிலும் தொட்டு உணர்ச்சி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு பக்கமும் தனித்தனி நரம்பு ஓடுகிறது. ஊசி போட்ட பிறகு பார்த்தால் எதுவும் தெரியாது. ரத்தமும் பதற்றமுமான அந்த நேரத்தில் இந்தச் சோதனைதான் எளிதாக விட்டுப்போகிறது.

தைச்ச நரம்பு எவ்வளவு நாள்ல வளரும்?

ஏறக்குறைய நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், மாதத்துக்கு ஓர் அங்குலம். மணிக்கட்டில் வெட்டு என்றால் விரல் நுனி வரை உணர்ச்சி வர ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அறுபட்ட இடத்துக்குக் கீழே உள்ள பழைய இழை முதலில் சிதைந்து போகும். பிறகுதான் மேலிருந்து புதிய இழை இறங்கும். முன்னேற்றத்தைத் தட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நரம்பின் வழியில் கீழிருந்து மேலாக விரலால் லேசாகத் தட்டிக்கொண்டு வந்தால், வளரும் முனையில் கரண்ட் அடிக்கும். அந்த இடம் மாதாமாதம் விரலை நோக்கி நகர வேண்டும். ஃப்ரொமான் தன் சோதனையை எழுதிய அதே 1915-ல், அதே போர்க் காயங்களைப் பார்த்து ஜூல் டினெல் என்ற மற்றொரு பிரெஞ்சு மருத்துவர் எழுதியது இது.

எல்லாப் பாதிப்பும் அறுப்பு அல்ல. 1943-ல் ஹெர்பர்ட் செடன் என்ற ஆங்கிலேய அறுவை சிகிச்சை மருத்துவர் நரம்புப் பாதிப்பை மூன்றாகப் பிரித்தார். நசுங்கியதால் செய்தி மட்டும் தடைபட்டது, இது நாட்களில் அல்லது வாரங்களில் திரும்பும். உறை நன்றாக இருந்து உள்ளிழை அறுந்தது, இது மில்லிமீட்டர் கணக்கில் தானாக வளரும். மொத்தமாக அறுந்தது, இதைத் தைக்க வேண்டும். மூடிய காயத்தில் இந்த மூன்றும் முதல் நாள் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் டாக்டர் மூன்று மாதம் போலப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்.

அப்போ உடனே நர்வ் டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடாதா?

முதல் வாரத்தில் எடுத்தால் ஏமாற்றும். அறுபட்ட நரம்பின் கீழ்ப்பகுதி இன்னும் சில நாட்கள் கரண்டைக் கடத்தும். முடிவு நன்றாக இருப்பது போல வரும். தசையில் ஊசி வைத்துப் பார்க்கும் சோதனையிலும் மாற்றங்கள் தெரிய மூன்று வாரம் போல ஆகும். ஆரம்பத்தில் கையைத் தொட்டுச் செய்யும் சோதனைதான் நம்பகமானது.

குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. உணர்ச்சி இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

வியர்வையைப் பற்றிச் சொன்னேனே, அது இங்கே உதவும். வழவழப்பான பேனாவை விரலின் பக்கவாட்டில் வைத்து மெதுவாக இழுங்கள். நல்ல விரலில் ஈரப்பசையால் கொஞ்சம் தடுத்து நகரும். நரம்பு போன விரலில் வழுக்கிக்கொண்டு ஓடும். இன்னொன்று, கையை 40 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் வைப்பது. நல்ல விரல் நுனி சுருங்கும், நரம்பு போனது சுருங்காமல் மழமழவென்று இருக்கும். 1973-ல் ஓ'ரியைன் என்ற மருத்துவர் இதைச் சோதனை முறையாக எழுதினார். தண்ணீர்ச் சூட்டை உங்கள் கையால் பார்த்த பிறகே குழந்தையின் கையை வையுங்கள்.

வலியே இல்லை. சுண்டுவிரல் மட்டும் மெல்ல மடங்குது, முதுகுல தேமல் மாதிரி இருக்கு. தொழுநோயா இருக்குமோன்னு பயமா இருக்கு.

பயத்தைவிட அவசரம் முக்கியம். அரிக்காத, வெளிறிய அல்லது சிவந்த படை. அதில் பஞ்சு பட்டால் தெரியவில்லை. முழங்கைக்குப் பின்னால் நரம்பு தடித்திருக்கிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொழுநோய்க் கிருமி உடலில் குளிர்ச்சியான இடங்களை விரும்பும். அதனால்தான் தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளைப் பிடிக்கிறது. கையில் அதிகம் மாட்டுவது முழங்கைக்குச் சற்று மேலே அல்னார், அடுத்து மணிக்கட்டில் மீடியன். கூட்டு மருந்து அரசு நிலையங்களில் இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குப் பரவும் தன்மை போய்விடும்.

பலருக்குத் தெரியாதது இது: கிருமி செத்த பிறகும் உடலின் எதிர்வினையால் நரம்பு வீங்கலாம். மருந்து சாப்பிடும்போதோ முடித்த பிறகோ திடீரென்று முழங்கையில் வலி, புதிதாக மரப்பு, புதிதாக பலவீனம் வந்தால் உடனே போக வேண்டும். பாதிப்பு வந்து ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் திரும்ப வரும் வாய்ப்பு நன்றாக இருக்கும். மருந்து முடிந்ததோடு எல்லாம் முடிந்தது என்று அட்டையை மடித்து வைத்துவிட்டவர்கள், விரல் மடங்கிய பிறகு வருவதைப் பார்க்கும்போது மனம் தாங்காது.

தொழுநோய் வந்தா விரல் அழுகி விழுந்துடும்னு சொல்றாங்களே?

நோய் விரலை அழுக வைப்பதில்லை. இதை எடுத்துக்காட்டியதில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகளைப் பொறுமையாகத் தொடர்ந்து கவனித்தார். உணர்ச்சியில்லாத கையால் சூடான பாத்திரத்தைத் தூக்குவது, பூட்டில் சாவியை அளவுக்கு மீறி அழுத்தித் திருகுவது, கவனிக்காத புண்ணில் சீழ் வைத்து எலும்புக்கு ஏறுவது: விரல் குறைவது இவற்றால்தான் என்று கண்டார். ராத்திரி தூங்கும்போது எலி கடித்ததுகூடத் தெரியாமல் இருந்தவர்கள் உண்டு. அந்தப் புண்களைச் சாதாரணப் புண் போலக் கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தால் ஆறின. வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955-ல் தொடங்கிய தொழுநோய் மையத்தில் இந்த வேலை வளர்ந்தது. சர்க்கரையால் மரத்த பாதத்துக்கு இன்று உலகம் முழுக்கச் சொல்லும் பராமரிப்பிலும் அந்த அனுபவம் இருக்கிறது.

முழங்கையில அடிபட்டவருக்கு விரல் அவ்வளவா மடங்கலை, மணிக்கட்டுல அடிபட்ட எனக்கு இவ்வளவு மடங்கியிருக்கு. எனக்குத்தான் மோசமா?

இல்லை, தலைகீழ். மணிக்கட்டில் அல்னார் அறுந்தால் கைக்குள் இருக்கும் சிறு தசைகள் மட்டும் போகின்றன. விரல் நுனியை மடக்கும் முன்கைத் தசை வேலை செய்துகொண்டே இருப்பதால் விரல் வளைந்து இழுக்கும். முழங்கையில் அறுந்தால் அந்த முன்கைத் தசையும் சேர்ந்து போவதால் வளைவு குறைவு. அவருக்கு நரம்பு வளரத் தொடங்கும்போது வளைவு கூடும். "முன்னைவிட மோசமாயிடுச்சு" என்று அவர் வந்து சொன்னால், அது நல்ல சேதியாகவே இருக்கலாம்.

நரம்பு அறுந்துபோச்சுன்னு சொல்றாங்க, ஆனா விரல் அசையுதே. தப்பா சொல்றாங்களா?

மணிக்கட்டில் மீடியன் அறுந்தாலும் விரல்கள் மடங்கும். அவற்றை மடக்கும் தசைகளுக்கான கிளைகள் முன்கையிலேயே பிரிந்துவிட்டன. கட்டைவிரலும் பக்கவாட்டில் விலகும், அது ரேடியலின் வேலை. நேர் மேலே தூக்குவதுதான் மீடியனுக்கு உரிய சோதனை. ரேடியல் போனவருக்கும் விரலின் நுனி இரண்டு மூட்டுகள் நிமிரும், அந்த வேலையைச் சிறு தசைகள் செய்கின்றன. விரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டு நிமிர்கிறதா என்று பாருங்கள். தொங்கும் மணிக்கட்டோடு விரலை விரிக்கச் சொன்னால் அல்னாரும் போனது போலத் தெரியும். உள்ளங்கையை மேசையில் வைத்து விரிக்கச் சொன்னால் உண்மை தெரியும்.

பையனுக்கு 18 வயசு. மரப்பு, வலி எதுவும் இல்லை, ஒரு கை மட்டும் மெலியுது. சாப்பாடு போதலையா?

சத்துக் குறைவு ஒரு கையை மட்டும் மெலிய வைக்காது. 15 முதல் 25 வயது ஆண்களுக்கு, குறிப்பாக ஆசிய நாடுகளில், ஹிராயாமா நோய் என்று ஒன்று வருகிறது. 1959-ல் ஜப்பானில் விவரிக்கப்பட்டது. கழுத்தைக் குனியும்போது தண்டுவடம் முன்பக்கம் அழுந்துவதால் என்று கருதப்படுகிறது. குளிரில் விரல் இன்னும் பலமிழக்கும். கழுத்தை நேராக வைத்து எடுத்த எம்ஆர்ஐ சரியாக இருப்பது போலத் தோன்றலாம். குனிந்த நிலையிலும் எடுக்க வேண்டும். சில வருஷத்தில் தானாக நின்றுவிடும், ஆனால் போன தசை திரும்பாது. ஆரம்பத்திலேயே கழுத்துப்பட்டை போட்டால் நன்மை உண்டு. மரப்பில்லாத மெலிவுக்கு இன்னும் தீவிரமான காரணங்களும் இருப்பதால் நரம்பியல் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

உணர்ச்சி இனி முழுசா வராதுன்னு சொல்லிட்டாங்க. அடுப்படி வேலை, வயல் வேலை எல்லாம் எப்படிச் செய்யறது?

விரல் செய்த வேலையைக் கண் செய்ய வேண்டும். காபி டம்ளரை வெறும் கையால் எடுக்காதீர்கள், துணி வேண்டும். தோசைக்கரண்டி, வாணலி எல்லாவற்றுக்கும் மரப்பிடி. இட்லிப் பானையைத் திறக்கும்போது நல்ல கையை முன்னால் நீட்டுங்கள். அரிவாள், மண்வெட்டிப் பிடிக்குத் துணியோ ரப்பரோ சுற்றித் தடிமனாக்குங்கள். உணர்ச்சியில்லாத கை தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும், மெல்லிய பிடி தோலை அறுக்கும். பீடி, சிகரெட் விரலிடுக்கில் எரிந்துகொண்டிருப்பது தெரியாது. ராத்திரி படுக்கும் முன் கையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கொப்புளம் இருந்தால் இன்று எந்த வேலையில் வந்தது என்று யோசித்து அந்தப் பிடியை மாற்றுங்கள். காய்ந்த தோலுக்கு, சாதா தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, காய்த்த இடத்தைக் கல்லால் மெதுவாகத் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

கொஞ்சம் உணர்ச்சி திரும்பியவர்களுக்குப் பயிற்சி உண்டு. அரிசி, துவரம்பருப்பு, நாணயம், சாவி: கண்ணைத் திறந்து தொட்டு, பிறகு மூடித் தொட்டு, எது என்று சொல்ல வேண்டும். தினமும் கொஞ்ச நேரம் செய்தால் மூளை புதிய செய்தியைப் படிக்கப் பழகும்.

ரெண்டு வருஷம் ஆச்சு. இனி ஆபரேஷன் பண்ணி பிரயோஜனம் இல்லையா?

நரம்பு வராத தசை ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் தாண்டினால் பெரும்பாலும் மீட்க முடியாது. அதற்குப் பிறகு நரம்பைத் தைத்து அசைவு வாங்குவது கடினம். ஆனால் வேறு வழி இருக்கிறது. நன்றாக வேலை செய்யும் தசையின் நாணை இடம் மாற்றி, செத்த தசையின் வேலையை அதற்குக் கொடுக்கலாம். தொங்கும் மணிக்கட்டுக்கு முன்கையைத் திருப்பும் தசைகளில் ஒன்றை எடுப்பார்கள். மடங்கிய விரல்களுக்கு, ஒரு விரலை மடக்கும் இரண்டு நாண்களில் ஒன்றை எடுத்து நாலாகப் பிரித்துப் போடும் முறை உண்டு. வேலூரில் 1940-களின் இறுதியில் தொழுநோயாளிகளின் கைக்குத் தொடங்கிய வேலையும் இந்த நாண் மாற்றம்தான். தொழுநோயால் ஊனமானவர்களுக்கு அரசுத் திட்டத்தில் இது இலவசம்.

ஒரே நிபந்தனை, மூட்டு இறுகியிருக்கக் கூடாது. விறைத்த விரலை எந்த நாணாலும் அசைக்க முடியாது. அதனால் இன்று ஆபரேஷன் இல்லை என்றாலும், தொடையில் புறங்கையை வைத்து, மறுகையால் விரல்களைத் தடவித் தடவி நிமிர்த்தும் பயிற்சியைத் தினமும் விடாமல் செய்யுங்கள். எண்ணெய் தடவிய கையில் செய்வது எளிது. நாண் மாற்றிய பிறகு மூன்று, நான்கு வாரம் மாவுக்கட்டு, அதன்பின் அந்தத் தசைக்குப் புது வேலையைக் கற்றுக்கொடுக்க எங்கள் பிரிவில் சில வாரங்கள். ஊரிலிருந்து வந்து போக முடியாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால், வார்டில் தங்கிப் பயிற்சி பெற ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேட்கலாம்.